ஒதெல்லோவுக்குக் கிடைத்த விசாரணை டெஸ்டிமோனாவுக்குக் கிடைக்கவில்லை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

ஒதெல்லோ நாடகத்தை உயர்தரப் பிள்ளைகளோடு வாசித்து முடித்த பிறகு, "இதில் யார் பிழை?" என்று கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே பதில்தான் வரும்: இயாகோ. "ஒதெல்லோவின் குறை என்ன?" என்று கேட்டால் அதற்கும் பதில் தயார்: பொறாமை, சந்தேகம். பரீட்சைக்கு இந்தப் பதில்கள் போதும். ஆனால் அந்த நாடகத்தை வருடா வருடம் திரும்பத் திரும்ப வாசிக்கும் ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது போதாது என்று படுகிறது. ஒரு கெட்டவனால் தனியாக ஒரு பெண்ணைக் கொல்ல முடியாது. அவனைச் சுற்றி இருக்கும் நல்லவர்கள் ஆளுக்கொரு சின்னப் பிழை செய்ய வேண்டும். இயாகோவை மட்டும் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினால் அந்தச் சின்னப் பிழைகள் எல்லாம் தப்பிவிடுகின்றன. நாம் செய்கிறவையும் அவைதான். அதனால்தான் இதை ஊர் மக்களோடு பேச வேண்டும் என்று நினைத்தோம்.

வாசிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். ஒதெல்லோ வெனிஸ் நகரத்துப் படைத் தளபதி. வட ஆபிரிக்க வம்சத்தவன், கறுப்பு நிறத்தவன், கிறிஸ்தவன். வெனிஸின் பெரிய மனிதர் பிரபான்சியோவின் மகள் டெஸ்டிமோனா அவனை விரும்பி, தகப்பனுக்குத் தெரியாமல் திருமணம் செய்கிறாள். ஒதெல்லோ தனது துணைத் தளபதியாகக் காசியோ என்ற இளைஞனை நியமிக்கிறான். அந்தப் பதவியை எதிர்பார்த்திருந்த இயாகோவுக்கு ஆத்திரம். எல்லோரும் சைப்ரஸ் தீவுக்குப் போகிறார்கள். அங்கே வைத்து, டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தொடர்பு இருப்பதாக இயாகோ கதை கட்டுகிறான். அவன் கையில் இருந்த ஒரே சாட்சி ஒரு கைக்குட்டை. ஒதெல்லோ நம்புகிறான், மனைவியைப் படுக்கையிலேயே கொல்கிறான், உண்மை தெரிந்ததும் தன்னைத்தானே குத்திக்கொண்டு சாகிறான்.

1604 நவம்பர் 1ஆம் திகதி லண்டன் அரண்மனையில் மேடையேறியதாகப் பதிவுள்ள நாடகம் இது. நானூறு வருடம் தாண்டிவிட்டது. நமது மட்டக்களப்பு மண்ணின் விபுலாநந்த அடிகள் ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்று அழகாகப் பெயரிட்டு, மதங்க சூளாமணி என்ற நூலில் அவரது நாடகங்களை 1926இலேயே தமிழருக்கு அறிமுகம் செய்து வைத்தார். ஆகவே இது நமக்கு அன்னியமான சரக்கு அல்ல.

இன்னொரு தொடர்பும் உண்டு. நாடகத்தின் தலைப்பிலேயே ஒதெல்லோவை 'மூர்' என்றுதான் சொல்கிறார்கள். 1505இல் இங்கே வந்த போர்த்துக்கேயர் நமது முன்னோரையும் அதே சொல்லால்தான் அழைத்தார்கள். தமிழில் 'இலங்கைச் சோனகர்' என்று எழுதினாலும், ஆங்கிலத்தில் நமது பிறப்புச் சான்றிதழில் இன்றும் 'மூர்' என்றே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் இதை எழுதுவதற்கு மூன்று நான்கு வருடங்களுக்கு முன், 1600இல், மொரோக்கோ சுல்தான் அஹ்மத் அல்-மன்சூரின் தூதுவர் அப்துல் வாஹித் லண்டனுக்கு வந்து எலிசபெத் மகாராணியைச் சந்தித்தார். அவரது ஓவியம் இன்றும் இருக்கிறது. மூர் என்றால் யார் என்று அந்த ஊர் மக்கள் கண்ணால் பார்த்த காலம் அது.

இனி விடயத்துக்கு வருவோம்.

நாடகத்தின் முதல் அங்கத்திலேயே ஒரு விசாரணை நடக்கிறது. நடுச்சாமத்தில் இயாகோவும் ரொடரிகோவும் பிரபான்சியோவின் வீட்டு வாசலில் நின்று கத்தி அவரை எழுப்புகிறார்கள். "உங்கள் மகளைக் கறுப்பன் கொண்டுபோய்விட்டான்" என்ற கருத்தை மிக அசிங்கமான வார்த்தைகளில் சொல்கிறார்கள். இதில் இயாகோ தனது பெயரைச் சொல்லவில்லை. இருட்டுக்குள் நின்று சொல்லிவிட்டு, ஆட்கள் வெளியே வருமுன் நழுவிவிடுகிறான். பேஸ்புக்கில் போலிக் கணக்கு திறந்து எழுதுகிறவன் செய்வதும் இதுதான்.

தகப்பன் நேராக வெனிஸ் ஆட்சி மன்றத்துக்குப் போகிறார். சூனியம் வைத்து, மருந்து கொடுத்து என் மகளை மயக்கிவிட்டான் என்று ஒதெல்லோ மீது வழக்கு வைக்கிறார். பெரிய இடத்து மனிதர், வெள்ளைக்காரர், உள்ளூர்க்காரர். எதிரே நிற்பவன் கறுப்பன், வெளியூரான். அந்த இடத்தில் தீர்ப்பு எப்படிப் போயிருக்க வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள். ஆனால் மன்றத் தலைவர், சொல்லிவிட்டால் அது சாட்சியாகிவிடாது என்கிறார். ஒதெல்லோ ஒரு வேண்டுகோள் வைக்கிறான்: அந்தப் பெண்ணையே அழைத்துக் கேளுங்கள், அவள் தகப்பனுக்கு முன்னாலேயே சொல்லட்டும், அவள் என்னைப் பிழை என்று சொன்னால் என் பதவியையும் உயிரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் அனுப்பி அழைத்து வருகிறார்கள். அவள் பேசுகிறாள். வழக்கு முடிகிறது.

அன்று துருக்கிப் படை சைப்ரஸை நோக்கி வந்துகொண்டிருந்தது, வெனிஸுக்கு ஒதெல்லோ தேவைப்பட்டான் என்பதும் உண்மை. அந்த மன்றம் முழுக்க முழுக்க நீதிக்காகவே உட்கார்ந்திருக்கவில்லை. ஆனாலும் முறை சரியாக நடந்தது. குற்றம் சாட்டியவர் பேசினார், சாட்டப்பட்டவன் பேசினான், யாரைப் பற்றிய கதையோ அந்தப் பெண்ணும் பேசினாள். அதன் பிறகுதான் முடிவு.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடைசி அங்கத்துக்குப் போங்கள். இப்போது ஒதெல்லோவே நீதவான். டெஸ்டிமோனா குற்றவாளி. முழுக் குற்றச்சாட்டு என்னவென்று அவளுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. நான்காவது அங்கத்தில் அவள் கேட்கிறாள், யாரோடு, எப்படி நான் துரோகம் செய்தேன் என்று. அவன் பதில் சொல்லாமல் அழுகிறான், பிறகு வாயில் வராத வார்த்தைகளால் ஏசுகிறான். காசியோவின் பெயரையும் கைக்குட்டைக் கதையையும் சேர்த்து அவள் கேட்பது கொலைப் படுக்கையில்தான். அப்போதும் அவள் நிதானமாகக் கேட்கிறாள், அந்த மனிதரை அழைத்துக் கேளுங்கள் என்று. காசியோ ஏற்றுக்கொண்டுவிட்டான், அவன் வாயும் அடைக்கப்பட்டுவிட்டது என்கிறான் ஒதெல்லோ. காசியோ எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை, சாகவும் இல்லை. காலில் காயத்தோடு அடுத்த தெருவில் உயிரோடு இருக்கிறான்.

ஒரு நாள் தனக்காகக் கேட்டுப் பெற்ற உரிமையை, அதே சொற்களில் மனைவி கேட்கும்போது அவன் மறுத்துவிட்டான். பொறாமை மனிதனுக்கு வரும். கோபமும் வரும். அவை வருவதை முற்றாகத் தடுக்க முடியாது. ஆனால் கேட்காமல் தீர்ப்பளிப்பது ஒரு முடிவு. அந்த முடிவை எடுத்தது அவன். ஒதெல்லோவின் மிகப் பெரிய குறை பொறாமை என்பதைவிட இதுதான் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

ஒதெல்லோ சாட்சி கேட்கவில்லையா? கேட்டான். கண்ணால் காணும் சாட்சி வேண்டும் என்று இயாகோவின் கழுத்தைப் பிடித்தே கேட்டான். கிடைத்தது என்ன? முதலாவது, காசியோ தூக்கத்தில் ஏதோ உளறினான் என்ற கதை. அதையும் கேட்டதாகச் சொன்னது இயாகோ மட்டும். இரண்டாவது, காசியோவின் கையில் கைக்குட்டையைக் கண்டேன் என்ற கதை. மூன்றாவதுதான் மிக முக்கியமானது. ஒதெல்லோவைத் தூரத்தில் ஒளிந்து நிற்கச் சொல்லிவிட்டு, இயாகோ காசியோவிடம் பியாங்கா என்ற வேறொரு பெண்ணைப் பற்றிக் கதை கொடுக்கிறான். காசியோ சிரிக்கிறான். தூரத்தில் நிற்பவனுக்குச் சிரிப்பும் கையசைவும் தெரிகின்றன, பேச்சு சரியாக விளங்கவில்லை. என் மனைவியைப் பற்றித்தான் சிரிக்கிறான் என்று அவன் தானே அர்த்தம் வைத்துக்கொள்கிறான்.

இன்று நமது கைத்தொலைபேசிக்கு வருவதும் அப்படிப்பட்ட காட்சிதான். முன்னும் பின்னும் வெட்டிய வொய்ஸ் கட், யார் யாருக்கு எழுதியது என்று தெரியாத ஸ்கிரீன்ஷொட், சத்தமில்லாத பதினைந்து செக்கன் வீடியோ. கண்ணால் பார்த்தேன் என்கிறோம். கண்ணால் பார்த்தது உண்மை. பார்த்தது எதை என்பதுதான் கேள்வி.

ஒதெல்லோ எமிலியாவிடமும் விசாரித்தான். டெஸ்டிமோனாவின் தோழி அவள், எந்நேரமும் கூடவே இருப்பவள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று ஆணையிட்டுச் சொன்னாள். அதை அவன் ஏற்கவில்லை. ஏனென்றால் அவன் கேட்டது முடிவெடுத்த பிறகு. முடிவெடுத்த பிறகு கேட்கிற கேள்வி விசாரணை ஆகாது. நமது சில குடும்பப் பஞ்சாயத்துகளில் பெண்ணைக் கூப்பிட்டு "சரி, நீயும் சொல்லு பாப்பம்" என்று கேட்பது இந்த வகைதான்.

இனி மற்றவர்களைப் பார்ப்போம்.

பிரபான்சியோ. ஒதெல்லோவை அடிக்கடி வீட்டுக்கு அழைத்து விருந்து கொடுத்தவர், அவனது போர்க் கதைகளை ஆசையாகக் கேட்டவர். மருமகன் என்றதும் அவன் திடீரென்று சூனியக்காரனாகிவிட்டான். மன்றத்தில் தோற்றுப் போகும்போது, தகப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம் என்ற பொருளில் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போகிறார். கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் பக்கத்தில் நின்ற இயாகோ அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறான். மூன்றாவது அங்கத்தில் அதே வார்த்தையை ஒதெல்லோவின் காதில் ஊற்றுகிறான். அந்தத் தகப்பனும் கவலையிலேயே இறந்து போனார் என்று கடைசியில் அறிகிறோம். பிள்ளையின் மீதுள்ள கோபத்தில் நான்கு பேருக்கு முன் நாம் சொல்லும் வார்த்தை, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு எதிரான சாட்சியாகத் திரும்பி வரும்.

காசியோ. படித்தவன், மரியாதையானவன், டெஸ்டிமோனாவைப் பற்றி ஒரு தவறான வார்த்தை பேசாதவன். ஆனால் தனக்குக் குடி ஒத்துவராது என்று தெரிந்தும், கூட்டாளிகள் வற்புறுத்தியதற்காகக் குடித்துச் சண்டை போட்டுப் பதவியை இழக்கிறான். தன்னை நேசிக்கும் பியாங்காவை வைத்துக் கேலி பேசிச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புத்தான் டெஸ்டிமோனாவின் உயிரை எடுத்தது. ஒரு பெண்ணை மதித்து இன்னொரு பெண்ணை இளக்காரமாகப் பேசும் ஆண்கள் நம்மிடையே நிறைய. நமது வீட்டுப் பெண் என்றால் ஒரு பேச்சு, அடுத்த தெருப் பெண் என்றால் இன்னொரு பேச்சு.

ரொடரிகோ. பணக்கார இளைஞன். டெஸ்டிமோனா தனக்குக் கிடைப்பாள் என்ற ஆசையில் காணியை விற்று இயாகோவுக்குக் கொடுத்தவன். இயாகோ எப்படிப்பட்டவன் என்று நாடகத்தில் மற்ற எல்லோரையும்விட அவனுக்குத்தான் கூடுதலாகத் தெரியும். ஒருமுறை, டெஸ்டிமோனாவிடமே போய்ச் சொல்லப் போகிறேன் என்றும் மிரட்டுகிறான். அன்று போயிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். ஆசை விடவில்லை. கடைசியில் இயாகோவின் கத்தியாலேயே சாகிறான்.

லொடோவிகோ. இவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெனிஸிலிருந்து கடிதம் கொண்டுவரும் பெரிய மனிதர், டெஸ்டிமோனாவின் உறவினர். இவருடைய கண்முன்னாலேயே ஒதெல்லோ மனைவியின் கன்னத்தில் அறைகிறான். லொடோவிகோ அதிர்ந்து போகிறார், மன்னிப்புக் கேளுங்கள் என்கிறார். பிறகு? இவர் எப்போதும் இப்படியா என்று விசாரிக்கிறார். யாரிடம்? இயாகோவிடம். அடி வாங்கியவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அன்றிரவே அவள் கொல்லப்படுகிறாள். "அது புருஷன் பொண்டாட்டிப் பிரச்சினை, நமக்கென்ன" என்று நகரும் ஒவ்வொரு உறவினருக்கும் இந்த மனிதரைக் காட்ட வேண்டும்.

எமிலியா. இயாகோவின் மனைவி. கீழே விழுந்த கைக்குட்டையை எடுத்துக் கணவனிடம் கொடுத்தவள் அவள்தான். அவன் எத்தனையோ நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தான், எதற்கென்று அவளுக்குத் தெரியாது. கெட்ட எண்ணம் இல்லை, கணவனைச் சந்தோஷப்படுத்தும் ஆசை. ஆனால் அடுத்த காட்சியிலேயே, கைக்குட்டை எங்கே என்று டெஸ்டிமோனா தவிக்கும்போது தெரியாது என்கிறாள். அதைக் கேட்டு ஒதெல்லோ கத்தும்போதும் பக்கத்தில் பேசாமல் நிற்கிறாள். அந்த இடத்தில் ஒரு வசனம் போதுமாக இருந்தது.

எமிலியாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை இத்தாலிய எழுத்தாளர் சின்தியோவின் 1565ஆம் ஆண்டுக் கதைத் தொகுப்பிலிருந்து எடுத்தார். அந்த மூலக் கதையில் வரும் மனைவிக்குக் கணவனின் திட்டம் முழுவதும் தெரியும். ஆனால் பயத்தில், கணவன் உயிரோடு இருக்கும்வரை வாய் திறப்பதில்லை. ஷேக்ஸ்பியர் அதை மாற்றினார். அவரது எமிலியா கடைசிக் காட்சியில், எல்லா ஆண்களுக்கும் முன்னால் உண்மையைச் சொல்கிறாள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று இயாகோ கட்டளையிடுகிறான். உனக்குக் கட்டுப்படுவதுதான் முறை, ஆனால் இப்போது முடியாது என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டுப் பேசுகிறாள். அவன் குத்திக் கொல்கிறான். பிந்தி வந்த உண்மைதான், ஆனாலும் டெஸ்டிமோனாவின் மானத்தை மீட்டுக் கொடுத்தது அந்த ஒரு வாய்தான்.

டெஸ்டிமோனாவுக்குக் குறையே இல்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கைக்குட்டை தொலையவில்லை என்று அவள் பொய் சொன்னாள். உண்மை. கணவன் கண் சிவந்து நிற்கும்போது பயத்தில் சொன்ன பொய் அது. அவளுடைய பொய்யையும் அவனுடைய கொலையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. பெண் கொல்லப்பட்ட கதையிலும் "அவளும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்" என்று தேடுகிற புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும்.

அப்படியானால் இயாகோ? அவனைப் பற்றி ஒன்றே ஒன்று. அவனைக் கெட்டவன் என்று நாடகத்தில் யாருமே நினைக்கவில்லை. எல்லோரும் அவனை நேர்மையானவன் என்றே அழைக்கிறார்கள். அவன் நேரடியாகக் குற்றம் சாட்டுவதும் குறைவு. "எனக்குச் சொல்ல விருப்பமில்லை", "என் சந்தேகம் பிழையாக இருக்கலாம்" என்ற பாணியில்தான் ஆரம்பிக்கிறான். வெனிஸ் பெண்களின் சங்கதி உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று வெளியூரானாகிய ஒதெல்லோவின் பலவீனத்தைத் தொடுகிறான். சமூகத்தால் நெடுக இழிவாகப் பேசப்பட்டவன், ஒருநாள் அந்தப் பேச்சைத் தானே நம்பத் தொடங்கிவிடுகிறான். என்னைப் போன்றவனை ஒரு பெண் எப்படி உண்மையாக நேசிப்பாள் என்று. இன்னொன்று: தன் மனைவிக்கும் ஒதெல்லோவுக்கும் தொடர்பென்று ஊரில் ஒரு கதை இருக்கிறது, உண்மையோ தெரியாது, உண்மை என்றே வைத்துக்கொண்டு நடப்பேன் என்ற கருத்தை இயாகோ தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். வதந்தியைப் பரப்பியவனும் ஒரு வதந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான்.

"நெருப்பில்லாமல் புகையுமா?" என்று நம் ஊரில் கேட்பார்கள். இந்த நாடகம் அதற்குப் பதில். நெருப்பே இல்லை. புகையை ஒருவன் வாயால் ஊதினான்.

இந்த இடத்தில் நமக்கு வேறொரு சம்பவம் ஞாபகம் வராமல் இருக்காது. அங்கே தொலைந்தது கைக்குட்டை. நமது வரலாற்றில் தொலைந்தது ஒரு கழுத்து மாலை. பனூ முஸ்தலிக் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், தொலைந்த மாலையைத் தேடப் போய்ப் பின்தங்கிவிட்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை, ஸஃப்வான் (ரலி) அவர்கள் ஒட்டகத்தில் ஏற்றி, கண்ணியமாக அழைத்து வந்தார்கள். நயவஞ்சகர் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை அதைக் கதையாக்கினான். ஏறக்குறைய ஒரு மாதம் மதீனா அந்தக் கதையில் தத்தளித்தது.

அந்தச் சம்பவத்தில் நபி (ஸல்) அவர்கள் நடந்த முறையைப் பாருங்கள். பேசப்பட்டது அவர்களுடைய மனைவியைப் பற்றி. மனவேதனை இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் அடிக்கவில்லை, விரட்டவில்லை, தீர்ப்பளிக்கவில்லை. வீட்டில் கூடவே இருந்த பணிப்பெண் பரீரா (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் நல்லதையே சொன்னார்கள், அந்தச் சொல்லை நபியவர்கள் மதித்தார்கள். ஸைனப் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். சக்களத்தி என்ற நிலையிலும், நல்லதைத் தவிர வேறொன்றும் அறியேன் என்று தன் நாவைக் காத்துக்கொண்டார்கள். பிறகு ஆயிஷா (ரலி) அவர்களிடமே நேரில் போய்ப் பேசினார்கள். முடிவில் ஸூரா அந்நூரின் வசனங்கள் இறங்கி அன்னையைத் தூய்மைப்படுத்தின.

இதில் நம்மை நடுங்க வைக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. கதையைத் தொடங்கியவன் நயவஞ்சகன். ஆனால் அதைக் கடத்தியவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். பத்ரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி) அவர்களும் அதில் ஒருவர். பத்ருடைய மனிதருக்கே நாவு சறுக்கும் என்றால் நாம் எம்மாத்திரம்?

அதே ஸூராவில் சட்டமும் இருக்கிறது. பத்தினிப் பெண்கள் மீது அவதூறு சொல்லி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு எண்பது கசையடி, அதற்கு மேல் அவர்களது சாட்சியம் ஏற்கப்படாது. மனைவி மீது சந்தேகம் கொண்டு, சாட்சி இல்லாமல் நிற்கும் கணவனுக்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. அதுதான் லிஆன். அவன் நான்கு முறை சத்தியம் செய்து, ஐந்தாவது தடவை தான் பொய்யனானால் அல்லாஹ்வின் சாபம் தன் மீது என்று சொல்ல வேண்டும். பிறகு அவள் பேசுவாள். அவளும் நான்கு முறை சத்தியம் செய்து, ஐந்தாவதாக அவன் உண்மையாளனானால் அல்லாஹ்வின் கோபம் தன் மீது என்று சொன்னால், அவள் மீது தண்டனை இல்லை. பிரிந்து போவார்கள். யாரும் யாரையும் தொடுவதில்லை. கணவனின் சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும், அவளுடைய வாய்க்கு அவன் வாய்க்குச் சமமான இடம் உண்டு. டெஸ்டிமோனா கேட்டது அவ்வளவுதான்.

வதந்தி என்ன செய்யும் என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற ஒரு கதையால் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை கொடுத்தார். அடுத்த வாரம் திகன எரிந்தது. அந்த வன்முறையில் தனது தளம் பயன்பட்டதற்காக 2020இல் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. "எங்களிடம் கேட்காமல் எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று அன்று நாம் நாட்டைப் பார்த்துக் கேட்டோம். நியாயமான கேள்வி. அதே கேள்வியை நமது ஊர்ப் பெண் பிள்ளை நம்மைப் பார்த்துக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா? ஒதெல்லோ செய்ததும் இதுதானே: தனக்குக் கேட்ட நீதியை, தன் கைக்குள் இருந்தவளுக்குக் கொடுக்கவில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வகுப்பறையில் ஒரு கதிரை சில மாதங்களாக வெறுமையாகக் கிடக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை. யாரோ அனுப்பிய ஒரு ஸ்கிரீன்ஷொட் மூன்று நான்கு குறூப்களில் சுற்றியது. அது அந்தப் பிள்ளையுடையதுதானா என்று யாரும் பார்க்கவில்லை. வாப்பா தொலைபேசியைப் பறித்தார், உம்மா அழுதார், சாச்சா தீர்ப்புச் சொன்னார், படிப்பு நின்றது. "நீ என்ன சொல்றாய் மகள்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெயரும் ஊரும் எழுத மாட்டோம். யாரென்று பின்னூட்டத்தில் தேடவும் வேண்டாம். தேடினால் அந்த ஸ்கிரீன்ஷொட்டை இன்னொரு முறை அனுப்பியதற்குச் சமம்.

"அப்படியென்றால் தவறு நடந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால், தாய் தகப்பனுக்கோ பொறுப்பான ஓர் ஆசிரியைக்கோ தனியாகச் சொல்லுங்கள். இருநூறு பேர் இருக்கும் குறூப்பில் போடுவது திருத்துவதற்கான வழி அல்ல. திருத்த நினைப்பவன் பிள்ளையிடம் போவான். இயாகோ மாதிரியானவன் பார்வையாளர்களிடம் போவான்.

"ஷேக்ஸ்பியரை வைத்தா நமக்கு ஒழுக்கம் படிப்பிக்க வேண்டும்?" என்ற கேள்வியும் வரும். ஒழுக்கத்துக்கு நமக்குக் குர்ஆனும் ஸுன்னாவும் போதும். தீர விசாரிக்கச் சொல்லும் கட்டளையும், அதிகமான சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்லும் கட்டளையும் ஸூரா அல்-ஹுஜுராத்தில் இருக்கின்றன. அந்தக் கட்டளைகளை மீறினால் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதை ஐந்து அங்கங்களில் நடித்துக் காட்டுகிறது இந்த நாடகம். பிள்ளைகள் அதை வாசிக்கும்போது எமிலியாவிடம் "சொல்லு, இப்பவே சொல்லு" என்று வகுப்பிலேயே கத்துகிறார்கள். அந்தத் துடிப்பு நமக்கு வேண்டும்.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

குறூப் அட்மின்மாருக்கு: ஒரு பெண்ணைப் பற்றிய எதுவும் வந்தால், உண்மையா பொய்யா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் முதலில் அழியுங்கள். அனுப்பியவரிடம் தனியாகப் பேசுங்கள்.

பெற்றோருக்கு: ஊர் சொல்வதைக் கேட்பதற்கு முன் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். முடிவெடுக்க முன்னர் கேளுங்கள்.

பள்ளி நிர்வாகத்தினருக்கும், குடும்பப் பிரச்சினைகளை விளங்குபவர்களுக்கும், காதிமாருக்கும்: அவளது வாப்பாவோ நானாவோ அவளுக்காகப் பேசினார் என்று விட்டுவிடாதீர்கள். அவளது வாயாலேயே, பயமில்லாத ஓர் இடத்தில் வைத்து, அவளது பக்கத்தைக் கேளுங்கள். வெனிஸ் மன்றம் ஆள் அனுப்பி அழைத்து வந்து கேட்டது. அதைவிட நமது மார்க்கம் கூடுதலாகச் சொல்லியிருக்கிறது.

கைக்குட்டை எங்கே போனது என்று தெரிந்த பெண்களுக்கு: தெரிந்ததை நேரத்தோடு சொல்லுங்கள். ராத்தாமார், தோழிமார், மதினிமார் எல்லோருக்கும்தான். "அவள் அப்படிப்பட்டவள் இல்லை, எனக்குத் தெரியும்" என்ற ஒரு வசனம் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் காப்பாற்றும்.

எல்லோருக்கும்: கேள்விப்பட்டதை எல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற பொருளில் நபிமொழி இருக்கிறது. அனுப்பும் பொத்தானில் விரலை வைக்கும்போது அது ஞாபகத்தில் இருக்கட்டும்.

அல்லாஹ் நம் நாவுகளையும் விரல்களையும் பாதுகாப்பானாக. நமது பெண் பிள்ளைகளின் மானத்தை நம் கையாலேயே கெடுக்கும் நிலையிலிருந்து நம்மைக் காப்பானாக. ஆமீன்.

அந்தக் கதிரையில் பிள்ளை திரும்ப வந்து உட்கார வேண்டும். அதற்கான பேச்சுவார்த்தை நடக்கிறது. துஆ செய்யுங்கள்.